பையைத் தொட்டவர்கள்

தபால்காரம்மா வந்தால் அந்தத் தெருக்களில் நாய்கூடக் குரைக்காது. வருஷக்கணக்காக அதே சைக்கிள், அதே காக்கிப் பை, அதே மணிச்சத்தம். நாய்கள் தலையைத் தூக்கிப் பார்க்கும், "இவதானா" என்பதுபோல மறுபடியும் சுருண்டுகொள்ளும். மனிதர்களும் அப்படித்தான் இருந்தார்கள். தண்ணீர் கேட்டால் டீ கொடுப்பார்கள். டீயைக் கொடுத்த கையோடு மருமகளைப் பற்றிய குறையையும் கொடுப்பார்கள். அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். கடிதத்தைத்தான் கொடுப்பாளே தவிர, கேட்ட கதையை அடுத்த வாசலில் கொடுக்க மாட்டாள் என்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது.

அந்தப் பெயருக்குத்தான் அந்த மழைக்காலத்தில் கேடு வந்தது.

முதலில் டெய்லர் சொன்னார். ஜிப்பும் பொத்தானும் வரவழைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே பழைய செய்தித்தாள் உருண்டைகள்.

"பொத்தானுக்குப் பதிலா பேப்பரா? இதை வெச்சு நான் என்னத்தைத் தைக்கறது தபால்காரம்மா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவளும் சிரித்தாள். அனுப்பியவன் ஏமாற்றியிருப்பான் என்று இரண்டு பேருமே முடிவு செய்துகொண்டார்கள். பிறகு இன்னொரு வீட்டில் ஒரு காலிப் பெட்டி. இன்னொரு வீட்டுக்கு வரவேண்டியது வரவே இல்லை. ஒவ்வொரு வாசலிலும் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

கடைசியில் மாடிவீட்டம்மா. அவள் மகன் கடல் கடந்து வேலை பார்க்கிறவன். மாடிவீட்டம்மா படியில் மெதுவாக இறங்கி வந்து, பிரித்த பெட்டியைத் தபால்காரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளே ஒரு ரப்பர் செருப்பு. ஒற்றைச் செருப்பு.

"கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கேன்மான்னு போன்ல சொன்னான். எனக்கு எம்புள்ள ஒத்தச் செருப்பா அனுப்புவான்? அதுவும் இடது காலு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒட்டினது ஒட்டின மாதிரிதான் வந்துது. நான் அப்படியே குடுத்தேன்."

"ஒட்டினது ஒட்டின மாதிரி இல்ல. இங்க பாரு, டேப்புக்கு மேல டேப்பு. யாரோ அறுத்து ஒட்டியிருக்காங்க."

"நான் ஒட்டலம்மா."

"நீ ஒட்டினேன்னு நான் சொன்னேனா?" என்றாள் மாடிவீட்டம்மா. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தான் வாசலில் நிற்கும்போது அந்தக் கதவு சாத்தித் தபால்காரம்மா பார்த்ததே இல்லை.

மறுவாரம் மேலிடத்துக்குப் புகார் போய்விட்டது.

தபால்காரம்மா தனியாகத்தான் தபால் கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. 

அவளுக்கு வலது தோளில் வலி. முன்பெல்லாம் காகிதம் சுமந்தாள். இப்போது கடையையே சுமக்கிறாள். கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்து பொருள் வரவழைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். மிக்சி வருகிறது, மாவு சலிக்கும் சல்லடை வருகிறது, ஒருமுறை ஒருத்தருக்குக் கருங்கல் அம்மிகூட வந்தது. "தோளுக்கு ஓய்வு குடுங்க" என்றார் டாக்டர். தோளுக்கு ஓய்வு கொடுக்கலாம், பைக்கு யார் கொடுப்பது?

அவள் புருஷன் கொடுத்தான். ஊரில் அவனுக்குக் கியர் என்று பெயர். லாரி ஓட்டினவன். இடது கண்ணில் திரை விழுந்ததுபோல ஆகி, லைசென்ஸ் போய், வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். தூக்கத்தில்கூட அவன் வலது கை இல்லாத கியரை மாற்றிக்கொண்டிருக்கும். வேலையில்லாத ஆம்பளை வீட்டில் இருப்பது கல்லடுப்பில் ஈர விறகு இருப்பதுபோல. எரியவும் எரியாது, புகையும் நிற்காது. ஒருநாள் காலையில் யாரையும் கேட்காமல் பழைய சைக்கிள் ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"பார்சல் சாக்கை இதுல வை. நான் தள்ளிக்கிட்டு வரேன்."

"கண்ணு தெரியாம எப்படிங்க?"

"ஓட்டறதுக்குத்தானே லைசென்ஸ் வேணும். தள்றதுக்கு யாரு கேக்கறா?"

வெளியாள் தபாலைத் தொடக்கூடாது என்பது விதி. போஸ்ட்மாஸ்டருக்கும் தெரியும். அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். மேசையிலேயே காய்ந்த ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிடுவார். ஜன்னல் வழியாகக் கியரைப் பார்த்தார். பிறகு அக்கறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் எதையும் பார்க்கலம்மா. பார்க்காததுக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

அன்றிலிருந்து அவள் முன்னால் போவாள், அவன் பின்னால் தள்ளிக்கொண்டு வருவான். சந்துக்குள் சைக்கிள் நுழையாத இடங்களில் அவன் சாக்கோடு முனையில் நிற்பான். அவள் கடிதங்களைக் கொடுத்துவிட்டு வந்து அடுத்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போவாள். அவனுக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தான்.

விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தாள். நல்ல ஜலதோஷம் அவளுக்கு. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து நுனி சிவந்துபோயிருந்தது. அதட்டலாக ஒருத்தர் வருவார் என்று எதிர்பார்த்திருந்த தபால்காரம்மாவுக்கு இந்தச் சாதுவான முகம் இன்னும் பயமாக இருந்தது.

"உக்காருங்கம்மா. இது குத்தம் சாட்டறதில்ல. கேக்கறதுதான்."

உட்கார்ந்தாள். காலையிலிருந்து நனைந்த மழைக்கோட்டு நாற்காலியில் சொட்டியது. அன்று தபாலும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பல வீடுகளில் வாங்கிக்கொண்ட கை மட்டும்தான் வெளியே வந்தது, முகம் வரவில்லை.

அதிகாரி பல கேள்விகள் கேட்டாள். பை எப்போது வருகிறது, யார் அவிழ்க்கிறார்கள், யார் பிரிக்கிறார்கள். எல்லாம் பதில் தெரிந்த கேள்விகள். பிறகு ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கேட்டாள்:

"பை உங்க கைக்கு வந்ததுலேர்ந்து வீட்டு வாசல்ல குடுக்கற வரைக்கும், வேற யாராவது தொடுவாங்களா?"

பக்கத்து மேசையில் இருந்த போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

இல்லை என்று சொன்னால் முடிந்தது. அந்த ஒரு சொல் அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் நின்றது. வாய்க்கால் பாலம். சில வாரங்களுக்கு முன், சந்துக்குள் போய்விட்டு அவள் சீக்கிரம் திரும்பியபோது, கியர் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து ஒரு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். காதருகே கொண்டுபோய் மெல்லக் குலுக்கினான். அவளைப் பார்த்ததும் சட்டென்று சாக்குக்குள் வைத்தான். "என்னங்க?" என்றாள். "முகவரி பார்த்தேன்" என்றான். "காதாலயா?" என்று கேட்டு இருவரும் சிரித்தார்கள். அன்று அது வெறும் சிரிப்பு. புகார் போன நாளிலிருந்து அது தினமும் வந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டது. எத்தனையோ தரம் கேட்டுவிட நினைத்தாள். கேட்டால் அவன் முகம் என்னவாகும் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

"வேற யாரும் இல்லையாம்மா?"

"என் வீட்டுக்காரர் தொடுவார்" என்றாள்.

உண்மை பேசவேண்டும் என்று அதைச் சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் சொல்லவில்லை. பின்னாளில் தனக்குள்ளேயே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அவளுக்கு அகப்பட்ட காரணம் ஒன்றுதான். அலுத்துப்போயிருந்தது. மூடிய கதவுகளைப் பார்த்து அலுப்பு, மழையில் நனைந்து அலுப்பு, தனக்குத் தெரியாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைந்து அலுப்பு. பாரத்தை யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்று இருந்தது. கேட்டவளிடம் இறக்கிவிட்டாள்.

"எழுதிக்கலாமா?" என்றாள் அதிகாரி.

"எழுதிக்கங்க."

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவனிடம் சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தாள். அவன் கிழங்கு வேகவைத்து, உப்பும் மிளகும் தூவி எடுத்து வைத்திருந்தான். "சூட்டோட சாப்பிடு. என்ன கேட்டாங்க?" என்றான். "எல்லாம் வழக்கமானதுதான்" என்றாள். வாயில் கிழங்கு இருந்ததால் குரல் சரியாக வரவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான்.

மறுநாள் காலையில் வந்துவிட்டார்கள். ஜலதோஷக்கார அதிகாரியும் இன்னும் இரண்டு பேரும். மாமியார் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காது மந்தம்.

"யாரு? கரண்ட் கணக்கெடுக்கவா?"

"இல்ல அத்தை. ஆபீஸ்லேர்ந்து."

"ஆபீஸ் எதுக்கு வீட்டுக்கு வருது? நீதானே ஆபீஸுக்குப் போவ?"

அதிகாரி கியரிடம் மரியாதையாகத்தான் பேசினாள். "பார்சல் சாக்கை நீங்கதான் தள்ளிக்கிட்டு வருவீங்கன்னு உங்க சம்சாரம் சொன்னாங்க. வீட்டைக் கொஞ்சம் பார்க்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

கியர் திரும்பி மனைவியைப் பார்த்தான். நல்ல கண்ணால் பார்க்க அவன் எப்போதும் முகத்தை முழுசாகத் திருப்பவேண்டும். முழுசாகத் திருப்பிப் பார்த்தான். பிறகு அவனே போய் அலமாரிக்கு மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினான்.

"பூட்டு இல்லைங்க. தொறந்தேதான் இருக்கும்."

இருந்ததே இரண்டு அறை. துணிகளை எடுத்து உதறினார்கள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார்கள். அரிசி டின்னுக்குள் ஒருவன் கையை விட்டுத் துழாவினான். கியர் லாரி ஓட்டின காலத்துச் சீருடைச் சட்டை மடிப்புக் கலையாமல் பெட்டியின் அடியில் இருந்தது. அதன் பையையும் பார்த்தார்கள். தபால்காரம்மா சமையலறை வாசலில் நின்றாள். நகரவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை.

மாமியாருக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. புரிந்ததும் அவள் குரலை உயர்த்தவில்லை. கட்டிலிலிருந்தே அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"இந்தாம்மா. எம்பையன் எடுத்திருந்தா முதல்ல எனக்குல்ல குடுத்திருப்பான்? என் மேல போத்தியிருக்கறதைப் பாரு. ஓட்டை. இதைப் பார்த்துட்டு அப்புறமா அரிசி டின்னுல கையை விடு."

அதிகாரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். தும்மலா வேறு எதுவுமா என்று தெரியவில்லை. ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டார்கள்.

கியர் தரையில் உட்கார்ந்து, கலைந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தாள்.

"இருக்கட்டும். உனக்கு நேரமாச்சு" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கத்தியிருந்தால் தேவலை. ஒரு பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால் அதை எடுத்து வைக்கிற வேலையாவது அவளுக்குக் கிடைத்திருக்கும்.

அவளைத் தெரு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடிகிறவரைக்கும் உள்ளே உட்கார்ந்து முத்திரை குத்தவேண்டும். அவள் தெருக்களுக்கு வேறு ஒருத்தன் போனான்; ஒரு வீட்டுக் கடிதத்தை இன்னொரு வீட்டில் போட்டுவிட்டு வந்தான். அவள் நாள் முழுக்க டப் டப்பென்று குத்திக்கொண்டிருந்தாள். சுமைக்கு வலித்த தோள் இப்போது குத்தலுக்கு வலித்தது.

வீட்டில் பேச்சு நின்றுபோகவில்லை. அதுதான் கொடுமை. "தண்ணி வந்துடுச்சு." "அம்மாவுக்கு மாத்திரை குடுத்தாச்சு." "குடை எடுத்துக்கிட்டுப் போ." தேவையான பேச்செல்லாம் நடந்தது. தேவையில்லாத பேச்சு ஒன்றுகூட இல்லை. ஒரு வீடு தேவையில்லாத பேச்சில்தான் ஓடுகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கியர் முன்போலவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தூக்கத்தில் அவன் கை அசைவதும் நின்றிருந்தது.

மாமியார் மட்டும் ஒருநாள் அவளைக் கிட்டே கூப்பிட்டாள். திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

"நீ பொய் சொல்லலைல்ல?"

"இல்ல அத்தை."

"அவன் தொட்டது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்ப ஏன் எழவு விழுந்த வீடு மாதிரி ரெண்டு பேரும் நடக்கறீங்க? ஒருத்தர் அழுங்க, ஒருத்தர் திட்டுங்க. எனக்குத்தான் காது கேக்காது, நல்லா சத்தமா திட்டிக்கங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மழை குறைந்து வெயில் தலைகாட்டிய ஒரு நாளில் போஸ்ட்மாஸ்டர் அவளை மேசைக்குக் கூப்பிட்டார். ரொட்டியைத் தள்ளி வைத்தார்.

"முடிஞ்சுதும்மா. தபால் வண்டியில மூட்டை ஏத்தற ஆளு. வழியில சாக்கைப் பிரிச்சு வேண்டியதை எடுத்துட்டுக் குப்பையை அடைச்சு அனுப்பியிருக்கான். விசாரணைக்காரங்களே ஒரு பார்சலை அடையாளம் வெச்சு அனுப்பியிருக்காங்க. அது அவன் வீட்டுல கிடைச்சுது. அந்தச் சால்வைகூடக் கிடைச்சுது. அவன் அம்மா போத்திக்கிட்டு இருந்தாங்களாம்."

அவள் கையிலிருந்த முத்திரையை மேசையில் வைத்தாள்.

"நாளையிலேர்ந்து நீ பழையபடி தெருவுக்குப் போகலாம். அப்புறம், வெளியாளைத் தொடவிட்டதுக்கு உனக்கு ஒரு கண்டிப்பு வரும். அதைக் கண்டும் காணாம விட்டதுக்கு எனக்கு ஒண்ணு வரும். பெரிசா ஒண்ணும் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ அன்னிக்கு இல்லைன்னு சொல்லியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். சொல்லாததும் சரிதான். எனக்கே எது சரின்னு தெரியலம்மா. போய் வேலையைப் பாரு."

மறுநாள் அவள் சைக்கிள் மணி கேட்டதும் கதவுகள் திறந்தன. டெய்லர் கடைக்கு வெளியிலேயே வந்து நின்றார். "எனக்கு அப்பவே தெரியும், நீங்களா இருக்காதுன்னு" என்றார். தெரு முழுக்க எல்லோருக்கும் அப்பவே தெரிந்திருந்தது. மாடிவீட்டம்மா படியிறங்கி டம்ளரோடு வந்தாள்.

"உன்னை நான் சொல்லவே இல்லடி. பார்சலைத்தான் சொன்னேன்."

"சரிம்மா."

"குடி. சூடா இருக்கு."

குடித்தாள். சர்க்கரை கூடுதலாகப் போட்டிருந்தது. மாடிவீட்டம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே. நாலு பேரு நாலு சொல்றப்ப நமக்கும் அப்படித் தோணிடுது. சந்தேகம்கறது தும்மல் மாதிரி, வந்தா நிறுத்த முடியுதா?" என்றாள்.

இவள் மேல் கோபப்படத் தனக்கு யோக்யதை இருக்கிறதா என்று தபால்காரம்மா யோசித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாக்கைத் தோளில் ஏற்றினாள். பின்னால் தள்ளிக்கொண்டு வர யாரும் இல்லை. அன்றைக்கென்று பார்த்து யாரோ இரும்பு டம்பெல் வரவழைத்திருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வலது கையை மேலே தூக்க முடியவில்லை. இடது கையாலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கியர் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"கொண்டா" என்று வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து உரித்தான். 

"ஒண்ணு கேக்கணும்" என்றான். "நான் தொடுவேன்னு நீ சொன்னது உண்மை. அதுல எனக்கு வருத்தம் இல்ல. வேலை போயிருந்தா மூணு பேரும் எங்க போறது? ஆனா சொல்றப்ப என்னை என்னன்னு நெனச்சுக்கிட்டுச் சொன்ன?"

பொய் சொல்ல எல்லா வசதியும் இருந்தது. விசாரணை முடிந்துவிட்டது. திருடன் பிடிபட்டுவிட்டான். ஒன்றும் நினைக்கவில்லை என்றால் அவன் நம்புவான். நம்பவில்லை என்றாலும் நம்பினதாக விட்டுவிடுவான்.

"எடுத்திருப்பீங்களோன்னு நெனச்சேன்" என்றாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பாலத்துல பார்த்தேன்ல. அதுலேர்ந்து."

"ம்."

"கேட்டிருக்கணும். கேக்காம அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட கேக்க பயமா இருந்துது. அந்தம்மாகிட்ட சொல்றது சுலபமா இருந்துது."

கியர் பாதி உரித்த வெங்காயத்தை மறுபடியும் உரிக்க ஆரம்பித்தான். பேசியபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"அது ரேடியோ. வாசல்ல பச்சை கேட் போட்ட வீட்டுக்காரருக்கு வந்தது. தூக்கினதும் தெரிஞ்சுபோச்சு. லாரியில வருஷம் பூரா கேட்டவன்ல. இப்ப பகல் முழுக்கச் செவுத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருக்கேன். ஒரு நிமிஷம் தோணிச்சு. நெஜமாவே தோணிச்சு. யாருக்குத் தெரியப்போகுதுன்னு. அப்ப நீ வந்துட்ட."

"நான் வராம இருந்திருந்தா?"

"சாக்குலயே திருப்பி வெச்சிருப்பேன்னுதான் நெனைக்கறேன். சத்தியம் பண்ணச் சொன்னா மாட்டேன்." உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டான். "அன்னிக்குக் குடுத்துட்டு நீ அடுத்த சந்துக்குப் போனியே, அவர் அதைப் போட்டுப் பார்த்தார். செவுத்தோரம் நின்னு ரெண்டு பாட்டு கேட்டேன். எடுக்கணும்னு ஒரு நிமிஷம் தோணினதாலதான் அவங்க முன்னால டிரங்குப் பெட்டியை இறக்கறப்ப எனக்கு உன் மேல கோபம் வரல. இவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் இருந்துது. கோபம் அப்புறமாத்தான் வந்துது. என் நெனப்பைத்தானே கண்டுபிடிச்ச, எடுக்காத கையைப் பார்க்கலையேன்னு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் அது வசதியாகவே இருந்தது.

"இனிமே நான் சாக்கைத் தள்ள வரமாட்டேன்" என்றான். "விதிக்காகச் சொல்லல. விதி இல்லைன்னாலும் வரமாட்டேன். டெய்லர் கடையில பொத்தான் தைக்க ஆளு கேட்டாராம். ஒத்தக் கண்ணுக்கு ஊசியில நூல் கோக்க வருமான்னு பார்க்கணும். வந்தா வரட்டும்."

"கோபம் போயிடுச்சா?"

"இல்ல" என்றான். "போகும். அவசரம் என்ன?"

எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தான். கொதித்ததும் பழைய துண்டு ஒன்றை அதில் முக்கி, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தான். விரல்கள் சிவந்தன. அவள் பின்னால் வந்து உட்கார்ந்து ரவிக்கையின் தோளை விலக்கி, துண்டை மடித்து வலித்த இடத்தில் வைத்து அழுத்தினான்.

"சுடுதா?"

"சுடுது" என்றாள்.

அவன் துண்டை எடுத்து உதறி, இன்னொரு மடிப்பு மடித்து, மறுபடியும் வைத்தான்.